விழப்போகிற பல்தானே? சொத்தையான பால் கடைவாய்ப் பல்லை வைத்துக்கொள்வதா, பிடுங்குவதா

ஆறு வயதுப் பிள்ளைக்குக் கீழ்க் கடைவாயில் பெரிய சொத்தை. ஒரு டாக்டர் வேர் சிகிச்சை செய்து கேப் போடலாம் என்கிறார். இன்னொருவர் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்பி வைக்கலாம் என்கிறார். வீட்டிலோ, விழப்போகிற பல்லுக்கு எதற்கு இவ்வளவு செலவு, வலிக்கு மருந்து கொடுத்தால் போதும், தானாக விழுந்துவிடும் என்கிறார்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

வீட்டில் சொல்வதும் சில பிள்ளைகளுக்குச் சரிதான். பத்தரை வயதுப் பிள்ளையின் ஆடிக்கொண்டிருக்கும் பல்லுக்கு ரூட் கேனால் செய்வது வீண். ஆனால் அதே பேச்சை ஐந்து வயதுப் பிள்ளையின் பின்பக்கப் பால் கடைவாய்ப் பல்லுக்குச் சொல்லக் கூடாது, ஏனென்றால் அந்தப் பல் தானாக விழ இன்னும் ஐந்து முதல் ஏழு வருடம் இருக்கிறது. அவ்வளவு காலம் அது மெல்லுவதற்கு மட்டும் அங்கே நிற்கவில்லை.

## தாடை வளர்கிறது, ஆனால் எந்தப் பக்கம்?

"பிள்ளை வளரும்போது தாடையும் வளருமே, அப்போது புதுப் பல்லுக்கு இடம் கிடைத்துவிடாதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

கீழ்த்தாடை பிறக்கும்போது வலது, இடது என்று இரண்டு துண்டுகளாக இருக்கிறது, ஒரு வயதுக்குள் நடுவில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அது நீளமாவது பெரும்பாலும் பின்பக்கத்தில்தான். காதுக்குக் கீழே மேல்நோக்கிப் போகும் எலும்பு இருக்கிறதே, அதன் முன் ஓரம் கரைந்துகொண்டே வருகிறது, பின் ஓரத்தில் புது எலும்பு படிந்துகொண்டே போகிறது. முன்னால் கரைந்து உண்டாகும் அந்த இடத்தில்தான் 6 வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லும் (இதைத்தான் இனி ஆறு வயதுப் பல் என்று சொல்லப்போகிறேன்), 12 வயதில் அடுத்ததும், இடம் மிச்சமிருந்தால் ஞானப் பல்லும் வந்து உட்காருகின்றன. தாடை இப்படிப் பின்பக்கமாக நீள்கிறது என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே ஜான் ஹன்டர் என்ற லண்டன் அறுவை மருத்துவர் எடுத்துச் சொல்லிவிட்டார். முகம் நீண்டு, முகவாய் முன்னால் வந்து, சின்ன வட்ட முகம் பெரிய பிள்ளை முகமாக மாறுவதை நாம் கண்ணால் பார்க்கிறோம், அதனால் வாய்க்குள்ளும் எல்லாப் பக்கமும் இடம் பெருகுகிறது என்று நினைத்துவிடுகிறோம்.

பால் பற்கள் இருபதும் நிற்கிற முன் வளைவின் கதை வேறு. நிரந்தர முன்பற்கள் முளைக்கிற காலத்தில் இரண்டு கோரைப் பற்களுக்கு நடுவே உள்ள அகலம் கொஞ்சம் கூடும். எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் அது கிட்டத்தட்ட நின்றுவிடும். அதன்பின் ஆறு வயதுப் பல்லுக்கு முன்னால் உள்ள வளைவு நீள்வதில்லை. கீழ்த்தாடையில் சற்றுக் குறையவும் செய்கிறது. ஆக, பிற்பாடு பால் கடைவாய்ப் பற்களுக்குப் பதிலாக வரப்போகிற நிரந்தரப் பற்களான முன்கடைவாய்ப் பற்கள், பால் கடைவாய்ப் பற்கள் பிடித்து வைத்திருக்கும் அதே இடத்துக்குள்தான் வந்தாக வேண்டும். பேருந்தில் துண்டு போட்டு சீட் பிடித்து வைப்பது போலத்தான் இது: துண்டை எடுத்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் உட்கார்ந்துவிடுவார். இங்கே பக்கத்தில் நிற்பது ஆறு வயதுப் பல், அதற்கு எப்போதும் முன்னால் நகரும் குணம் உண்டு.

பால் கடைவாய்ப் பற்கள் தங்களுக்குப் பதிலாக வரும் பற்களைவிட அகலமானவை, அதனால் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் உபரி இடம் இருக்கிறது. இயற்கை கொடுத்த சலுகை அவ்வளவுதான். ஐந்து வயதில் ஒரு பல் போய்விட்டால் இந்த உபரியும் போய், அதற்கு மேலும் போகலாம்.

எலும்பும் கவனிக்க வேண்டிய விஷயம். பல்லைச் சுற்றியுள்ள தாடை எலும்பு பல் இருக்கும்வரைதான் உயரமாக, தடிமனாக நிற்கும். நிரந்தரப் பல்லின் வேர் உருவாகத் தொடங்கும் முன்பே பால் பல்லை எடுத்துவிட்டால், மேலே எலும்பு மூடிக்கொண்டு புதுப் பல் வருவது தாமதமாகும். வேர் முக்கால்வாசி வளர்ந்த பிறகு எடுத்தால் நேர்மாறாக, புதுப் பல் சீக்கிரம் வரும். அதனால்தான் எக்ஸ்ரே எடுக்காமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது என்று அடித்துச் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் எந்தப் பல், அது விழ இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது:

| பால் பல் | சாதாரணமாக விழும் வயது | முன்கூட்டியே போனால் |
|---|---|---|
| மேல் முன்பற்கள் | 6–8 | பால் கோரைப் பற்கள் வந்த பிறகு போனால், இடம் பெரும்பாலும் மூடாது |
| கோரைப் பல் | 9–12 | முன்பற்கள் அந்தப் பக்கம் சாயும், நடுக்கோடு விலகும் |
| முதல் பால் கடைவாய்ப் பல் (முன்னது) | 9–11 | இடம் கொஞ்சம் குறையும், ஆறு வயதுப் பல் வரும் சமயத்தில் போனால் கூடுதலாக |
| இரண்டாம் பால் கடைவாய்ப் பல் (பின்னது) | 10–12 | அதிகம் மூடும், ஆறு வயதுப் பல் வருவதற்கு முன் போனால் மிக அதிகம் |

அடுத்தது, ஆறு வயதுப் பல் வெளியே வந்துவிட்டதா. இதைப் பல பெற்றோர் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் அது எந்தப் பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் முளைக்கிறது. அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது போனால் மறுபடி முளைக்காது.

மூன்றாவது, சொத்தை நரம்பு வரை போய்விட்டதா. இனிப்போ குளிர்ச்சியோ பட்டால் சுருக்கென்று வலித்து உடனே நின்றுவிட்டால் பெரும்பாலும் நரம்பு தப்பித்திருக்கும். பிள்ளை ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து அழுதாலோ, ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து போனாலோ, நரம்பு கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வலியே இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம், நரம்பு செத்துப்போனாலும் வலி நின்றுவிடும்.

நான்காவது, கீழே நிரந்தரப் பல் இருக்கிறதா. கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப் பல் சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, ஞானப் பல்லை விட்டுப் பார்த்தால் அடிக்கடி இல்லாமல் போகிற பற்களில் அது ஒன்று. அப்படியென்றால் மேலே இருக்கும் பால் பல்தான் அந்தப் பிள்ளைக்குப் பல வருடங்களுக்குச் சொந்தப் பல். அதைப் பிடுங்கும் முன் இன்னும் பலமுறை யோசிக்க வேண்டும்.

அப்புறம் பிள்ளையின் ஒத்துழைப்பு, உங்களால் எத்தனை தடவை லீவு போட்டுக் கூட்டிப்போக முடியும், பணம்.

## வழி 1: இப்போதைக்கு விட்டு வைப்பது

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மருந்துக் கடையில் வலி மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டே நாளைக் கடத்துவது. இன்னொன்று, மருத்துவர் பார்த்து, சொத்தையை நிறுத்தி வைத்துக் கண்காணிப்பது. இரண்டாவதை மட்டும்தான் ஒரு வழி என்று ஒத்துக்கொள்வேன்.

கண்காணிப்புக்கு இன்று நல்ல துணை சில்வர் டயமைன் ஃப்ளோரைடு. 38 சதவீதக் கரைசல், சொத்தையின் மேல் தடவுவார்கள், ஊசியில்லை, மெஷின் சத்தமில்லை. சொத்தை கெட்டியாகி நின்றுவிட வாய்ப்பு அதிகம். ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. குறை என்னவென்றால் தடவிய இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும், அது மாறாது. கடைவாய்ப் பல்லில் யாருக்குத் தெரியப்போகிறது, முன்பல் என்றால் யோசிக்க வேண்டும். ஒரே தடவையில் முடிவதும் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போல மறுபடி தடவ வேண்டியிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே சொத்தை பிடித்துப் பல்லின் பக்கச் சுவர் உடைந்துபோனால், பல்லைப் பிடுங்காமலேயே இடம் போகத் தொடங்கும். பின்னால் இருப்பது அந்த ஓட்டைக்குள் சாய்ந்துவிடும். சீழ் பிடித்த பல்லை வருடக்கணக்கில் விட்டு வைத்தால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் பழுதாகி, அது மஞ்சளோ பழுப்போ திட்டுத் திட்டாக, சொரசொரப்பாக முளைக்கலாம். ஆன்டிபயாடிக் சீழைத் தற்காலிகமாக அடக்கும், கெட்ட நரம்பைச் சரி செய்யாது, சொத்தையும் அங்கேயே இருக்கும்.

விட்டு வைப்பது பொருந்துவது: வலியில்லாத, நரம்பைத் தொடாத சொத்தை, அல்லது இன்னும் ஒரு வருடத்துக்குள் விழப்போகிற பல், அல்லது நாற்காலியில் உட்காரவே மறுக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொஞ்சம் கால அவகாசம் வாங்க.

## வழி 2: அடைப்பது, அல்லது நேராகக் கேப்

நரம்பு நன்றாக இருக்கும்போது இதுதான் மலிவான, சுலபமான நேரம். ஆனால் பெரும்பாலோர் இந்த நேரத்தில் வருவதில்லை.

சின்னக் குழிக்கு ஃபில்லிங் போதும். பல்லின் மேலும் பக்கமும் சேர்ந்து போயிருந்தால் பால் பல்லில் ஃபில்லிங் அடிக்கடி பெயர்ந்துவிடும். அந்த இடத்தில் ஸ்டீல் கேப் நன்றாக உழைக்கும். ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் கையாண்ட முறை ஒன்று இருக்கிறது: பல்லைக் குடையாமல், மரத்துப்போக ஊசி போடாமல், சொத்தையின் மேலேயே கேப்பை ஒட்டி மூடிவிடுவது. உள்ளே சாப்பாடு போகாததால் கிருமிகளுக்குத் தீனி இல்லாமல் சொத்தை நின்றுவிடுகிறது. கடி முதலில் உயரமாகத் தெரியும், பிள்ளை கடிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லும், சில வாரத்தில் சரியாகிவிடும். நரம்பு கெட்ட பல்லுக்கு இந்த முறை உதவாது.

கேப் போட்டால் பல் விழாதோ என்று பயப்பட வேண்டாம், கீழிருந்து வரும் பல் வேரைக் கரைக்கும்போது கேப்போடு சேர்ந்தே விழும். வெள்ளி நிறம் பிடிக்காதவர்களுக்கு வெள்ளை சிர்கோனியா கேப் உண்டு, விலை கூடுதல், அதற்குப் பல்லையும் அதிகமாகச் செதுக்க வேண்டும். கடைவாய்ப் பல்லுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

## வழி 3: வேர் சிகிச்சை செய்து கேப்

"பால் பல்லுக்கு ரூட் கேனாலா, பணம் பிடுங்குகிறார்கள்" என்று சந்தேகப்படுகிறவர்கள் அதிகம். எல்லாப் பால் பல்லுக்கும் செய்யச் சொன்னால் சந்தேகப்படலாம். ஆனால் இதற்கு உண்மையான இடம் இருக்கிறது.

நரம்பின் மேல் பகுதி மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் எடுத்து, மருந்து வைத்து, வேரில் உள்ள நல்ல நரம்பைக் காப்பாற்றலாம், பெரும்பாலும் ஒரே நாளில் முடியும். வேர் வரை கெட்டிருந்தால் முழுதாகச் சுத்தம் செய்து நிரப்ப வேண்டும். பெரியவர்களுக்கு வைக்கும் ரப்பர் போன்ற பொருளை இங்கே வைக்க மாட்டார்கள், வேரோடு சேர்ந்து கரையக்கூடிய பசை போன்ற மருந்தைத்தான் நிரப்புவார்கள், இல்லையென்றால் கீழே வரும் பல்லுக்குத் தடையாகிவிடும்.

இதன் மறைசெலவு கேப். வேர் சிகிச்சை செய்த பல்லை வெறும் ஃபில்லிங்கோடு விட்டால் உடைந்துபோகும் வாய்ப்பு அதிகம், ஆகவே விலை கேட்கும்போதே கேப்போடு சேர்த்துக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், இடையில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சில பற்களில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சீழ் திரும்பும், அப்போது பிடுங்கத்தான் வேண்டியிருக்கும், கொடுத்த பணமும் போகும்.

இருந்தும் இரண்டாம் பால் கடைவாய்ப் பல் விஷயத்தில், அதுவும் ஆறு வயதுப் பல் இன்னும் வரவில்லை என்றால், நான் இந்த வழியின் பக்கம்தான். அது ஈறுக்குள் இருக்கும்போது அதற்கு வழிகாட்டி நிற்பது இந்தப் பல்லின் பின் சுவர்தான். அதை எடுத்துவிட்டால் ஆறு வயதுப் பல் கண்ட இடத்தில், முன்னால் சாய்ந்து முளைக்கும். பிற்பாடு அதைப் பின்னுக்குத் தள்ளக் கம்பி போடுகிற செலவோடு ஒப்பிட்டால் வேர் சிகிச்சையின் செலவு சின்னது. கீழே நிரந்தரப் பல்லே இல்லாத பிள்ளைக்கும், ஹீமோஃபீலியா போல ரத்தம் உறையாத பிரச்சினை உள்ள பிள்ளைக்கும் பல்லைக் காப்பாற்றுவதே மேல்.

செய்யக் கூடாத சமயமும் உண்டு: வேர் ஏற்கெனவே பாதிக்கு மேல் கரைந்துவிட்டால், பல்லைச் சுற்றி எலும்பு அதிகம் போயிருந்தால், அல்லது கேப் நிற்கப் போதிய பல்லே மிச்சமில்லை என்றால். பிறவி இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் சீழ் பிடித்த பல்லைக் காப்பாற்றப் பார்க்கும் முன் இதய மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும், பல பிள்ளைகளுக்கு எடுத்துவிடுவதே பாதுகாப்பு.

## வழி 4: பிடுங்கிவிட்டு இடம் காக்கும் கம்பி

ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்று சொல்லுவார்கள். ஒரு பக்கம் ஒரு பல் போயிருந்தால், பக்கத்துப் பல்லில் ஒரு வளையம் மாட்டி, அதிலிருந்து காலி இடத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துப் பல்லைத் தொடும் ஒரு கம்பி வளைவு. கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் போயிருந்தால் நாக்குப் பக்கமாக ஓடும் ஒரே கம்பி, அதைக் கீழ் நிரந்தர முன்பற்கள் வந்த பிறகே போடுவது நல்லது, ஏனென்றால் அவை பெரும்பாலும் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும், கம்பி குறுக்கே நிற்கும். ஆறு வயதுப் பல்லே வராத பிள்ளைக்கு ஈறுக்குள் நீளும் தகடு உள்ள ஒரு வகை உண்டு, செய்வதும் பராமரிப்பதும் கஷ்டம், தொற்று அபாயம் உள்ள பிள்ளைகளுக்குப் போடக் கூடாது.

கம்பியைப் போட்டதோடு வேலை முடிவதில்லை. சிமென்ட் கரைந்து வளையம் தளரும், தெரியாமல் விட்டால் வளையத்துக்குக் கீழே புதுச் சொத்தை பிடிக்கும். கமர்கட், கடலை மிட்டாய், சூயிங் கம் எல்லாம் இதற்கு எதிரி. புதுப் பல் ஈறில் தலைகாட்டியதும் கழற்ற வேண்டும். இடையிடையே மருத்துவரிடம் போய்க்கொண்டே இருக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், முடியாதென்றால் இது உங்களுக்கான வழி அல்ல. இது இடத்தைக் காக்கும், மெல்ல உதவாது.

தள்ளிப்போடவும் கூடாது. இடம் பெரும்பாலும் பிடுங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் போய்விடுகிறது. "முழுப் பரீட்சை லீவில் பார்க்கலாம்" என்று விட்டால், லீவு வரும்போது கம்பி வைக்க இடம் இருக்காது. பிடுங்குவதற்கு முன்பே கம்பிக்கான அளவையும் தேதியையும் பேசி வைப்பது நல்லது.

## வழி 5: பிடுங்கிவிட்டுச் சும்மா இருப்பது

இது தப்பு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். புதுப் பல் எலும்பைத் தாண்டி ஈறுக்கு அடியில் நிற்கிறது என்று எக்ஸ்ரேயில் தெரிந்தால் கம்பி வீண் செலவு. மேல் முன்பல்லுக்கும் இடத்துக்காகக் கம்பி தேவையில்லை. ஆறு வயதுப் பற்கள் மேலும் கீழும் நன்றாகக் கடித்துப் பொருந்திவிட்ட எட்டு, ஒன்பது வயதில் முதல் பால் கடைவாய்ப் பல் போனால், பல பிள்ளைகளுக்கு அளந்து பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம். பற்கள் ஏற்கெனவே மிக நெருக்கமாக இருந்து, பிற்பாடு எப்படியும் பல் வரிசையைச் சீராக்கும் கம்பி போட்டுத்தான் சரி செய்யப்போகிறோம் என்றால், எதை எடுப்பது, எதை வைப்பது என்பதைப் பல் சீரமைப்பு மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

## உங்கள் பிள்ளை எந்த வகை

நான்கைந்து வயது, பின்பக்கப் பால் கடைவாய்ப் பல், நரம்பு வரை சொத்தை: காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள், வழி 3. எந்தக் கம்பியும் அந்தப் பல் அளவுக்கு நல்ல காவலன் அல்ல.

ஏழு வயது, அதே பல், வேரைச் சுற்றி எலும்பு போய்விட்டது: பிடுங்கிவிட்டு உடனே கம்பி.

ஐந்து வயது, முதல் பால் கடைவாய்ப் பல், நரம்பு நலம்: கேப். யோசிக்கவே வேண்டாம்.

பத்தரை வயது, பல் ஆடுகிறது: எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிட்டு, வலித்தால் பிடுங்கலாம், வலிக்கவில்லை என்றால் விடலாம்.

எந்த வயதானாலும் கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால் ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லை, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

பணம்தான் தடை என்றால், சென்னையில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்களில் பக்கத்தில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள், தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவாக இருக்கும், காத்திருக்கும் நேரம் அதிகமாக இருக்கும்.

சரி, போன வருடமே பிடுங்கியாயிற்று, கம்பியும் வைக்கவில்லை என்றால்? இன்னும் வழி இருக்கிறது. ஓ.பி.ஜி. எக்ஸ்ரே (இரண்டு தாடையையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டுவது) எடுத்து, எவ்வளவு இடம் மிச்சம், கீழே உள்ள பல்லுக்கு எவ்வளவு வேண்டும் என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குறைவது மூன்று மில்லிமீட்டருக்குள் என்றால், ஆறு வயதுப் பல்லை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி இடத்தை மீட்கும் கருவிகள் உண்டு, பன்னிரண்டு வயதுப் பல் வந்து பின்னால் முட்டிக்கொண்டு நிற்பதற்கு முன்னால் செய்தால் அது சுலபம்.